நட்டைத் திருகாதீர்கள், முதலில் கயிற்றைப் பாருங்கள்

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும் பருவம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, பேலர் என்ற வைக்கோல் கட்டும் மிஷினைப் பற்றித்தான். அதிலும் பாதி, முடிச்சு விழவில்லை என்ற ஒரே புலம்பல். ஆகவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு முடிச்சுக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டைச் சுற்றிய கயிற்றில் முடிச்சுப் போடும் பாகத்துக்குத்தான் நாட்டர் என்று பெயர்.

பழைய சதுரக்கட்டு பேலர் ஒன்றை மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன் ஐயா. இடதுபக்க நாட்டர் ஒழுங்காகக் கட்டுகிறது. வலதுபக்கம் பத்துக் கட்டுக்கு மூன்று அவிழ்ந்துவிடும். மெக்கானிக் ஒருவர் வந்து எல்லா ஸ்பிரிங்கையும் இறுக்கிவிட்டுப் போனார், இப்போது பத்துக்கு ஐந்து அவிழ்கிறது. நாட்டரையே புதிதாக மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே கழற்றிச் சரிசெய்ய முடியுமா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், லேத் கிடையாது.
– மன்னார்குடி பக்கத்து வாசகர்

முடியும் தம்பி. லேத் வேண்டாம். ஒரு நாள் பொழுதும், நல்ல வெளிச்சமும், கழற்றிய சாமான்களை வரிசையாகப் பரப்பிவைக்க ஒரு பழைய வெள்ளை வேட்டியும் இருந்தால் போதும். உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், இடதுபக்கம் நன்றாக ஓடுகிறது. பெரும்பாலான சதுரக்கட்டு பேலர்களில் இரண்டு நாட்டரும் ஒரே மாதிரிதான், அதனால் கம்பெனி கையேடு தொலைந்துபோயிருந்தாலும் அளவு பார்க்க ஒன்று கண்ணெதிரே இருக்கிறது. இதனால்தான் எப்போதும் சொல்வேன், இரண்டையும் ஒரே நாளில் கழற்றாதீர்கள். ஒன்றைப் பிரித்து, பூட்டி, கட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

அந்த மெக்கானிக் செய்ததை முதலில் திருப்பி எடுங்கள். நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று இடதுபக்கத்தில் எண்ணிக்கொள்ளுங்கள், வலதுபக்கத்தையும் அதே எண்ணிக்கைக்குக் கொண்டுவாருங்கள். நாட்டரில் இறுக்கினால் நல்லது என்ற விதியே கிடையாது. ஒரு ஸ்பிரிங் அளவுக்கு மேல் இறுகினாலும் முடிச்சு கெடும், தளர்ந்தாலும் கெடும், இரண்டுக்கும் கயிறு வேறு வேறு மாதிரி அறுந்து வரும். அந்தப் பக்கத்து எல்லா ஸ்பிரிங்கையும் ஒரே மூச்சில் இறுக்கியவர் எந்த நோய்க்கு என்ன மருந்து கொடுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கழற்றும் முன் அது எப்படிக் கட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையில் எடுக்கும் ஒவ்வொரு இரும்பும் புதிராகத்தான் இருக்கும். கயிற்றின் ஒரு நுனி மேலே நாட்டரில் இருக்கும் டிஸ்கின் பள்ளத்தில் கவ்விப் பிடிக்கப்பட்டிருக்கிறது. மறுபக்கம் அடியில் ஊசிக் கண் வழியாகக் கயிற்றுப் பெட்டிக்குப் போகிறது. வைக்கோல் சேரச் சேர கட்டு பின்னால் தள்ளப்படும், கயிறும் அதைச் சுற்றி வளைந்துகொண்டே போகும். நீளம் அளக்கும் பல்சக்கரம் குறித்த சுற்று சுற்றியதும் கிளட்சைத் தட்டிவிடுகிறது. ஊசி அடியிலிருந்து மேலே பாய்ந்து இரண்டாவது இழையைக் கொண்டுவந்து பில்ஹூக் என்ற முடிச்சுக் கொக்கியின் மேலாகப் படியவைத்து டிஸ்கின் அடுத்த பள்ளத்தில் வைக்கிறது. இரண்டு இழையையும் ஹூக் பக்கமாக ஒரு இரும்பு விரல் ஒதுக்கிக் கொடுக்கிறது. டிஸ்க் நகர்ந்து இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. பில்ஹூக் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது. கோழி அலகு மாதிரி இருக்கும் அந்த ஹூக்குக்கு ஒரு நாக்கு உண்டு, சுற்றும்போது அது வாயைத் திறந்து இரண்டு இழையையும் கவ்விக்கொள்ளும். உடனே கத்தி வருகிறது, ஹூக்குக்கும் டிஸ்குக்கும் நடுவில் வெட்டுகிறது. கத்தி பூட்டியிருக்கும் கையே ஹூக்கின் முதுகை உரசிக்கொண்டு போய், ஹூக்கைச் சுற்றியிருக்கும் வளையத்தை நுனி வழியாகத் தள்ளிவிடுகிறது. நாக்கு கவ்விய நுனிகள் மேல் வளையம் வழுக்கி விழுந்ததும் முடிச்சு. இவ்வளவும் ஒரு நொடிக்குள். அதனால்தான் ஓடும்போது பார்த்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் எதைப் பார்ப்பது? அவிழ்ந்த கட்டுகளின் கயிற்றைப் பாருங்கள். பத்துக் கட்டுக்கு ஐந்து அவிழ்கிறதென்றால் இருபது கட்டில் பத்து மாதிரி கிடைக்கும், தூக்கிப் போடாமல் அந்த வேட்டியின் மேல் வரிசையாக வையுங்கள். கட்டின் மேல்பக்கமாக ஓடிவரும் நுனி டிஸ்க் பிடித்திருந்த இழை. அடியிலிருந்து ஏறிவரும் நுனி ஊசி கொண்டுவந்தது. ஊசி இழையில் மட்டும் முடிச்சு இருந்து மேல் இழை வெறுமையாக இருந்தால் டிஸ்க் பிடி தளர்ந்திருக்கிறது, கட்டின் அழுத்தத்தில் மேல் இழை உருவிக்கொண்டு போயிருக்கிறது என்று பொருள். மேல் இழையில் மட்டும் முடிச்சு என்றால் ஊசி இழை ஹூக்கின் மேல் வந்து சேரவில்லை. அப்போது ஊசியையும் அந்த விரலையும் பாருங்கள், விரல் வளைந்திருக்கும் அல்லது அதன் ரோலர் தேய்ந்திருக்கும். இரண்டு நுனியிலும் சுருள் சுருளாக மடிப்பு விழுந்து, முடிச்சு விழுந்து கழன்ற மாதிரி தெரிந்தால் நாக்கின் பிடி போதவில்லை. கயிறு ஹூக்கிலேயே முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்து கட்டுப் பக்கம் அறுந்து போயிருந்தால் அதற்கு நேர் எதிர், நாக்கு அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது அல்லது கத்திக் கை ஹூக்கை உரசாமல் தள்ளிப் போகிறது. உங்கள் மெக்கானிக் கைவைத்த பிறகு இந்தக் கடைசி ரகம்தான் அதிகமாகியிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நுனிகள் நசுங்கி நார் நாராகப் பிரிந்திருந்தால் டிஸ்க் பிடி கயிற்றை நசுக்குகிறது அல்லது கத்தி மொட்டை.

இனி கழற்றலாம். அதற்கு முன் டிராக்டரை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, டிராக்டரின் சுழற்சியைப் பேலருக்குக் கொண்டுவரும் பிடிஓ ஷாஃப்டையும் கழற்றிக் கீழே போடுங்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. பேலரின் ஃபிளைவீல் கனமானது, பல்லில் சிக்கியிருந்த ஒரு வைக்கோல் பிடியை நீங்கள் இழுத்ததும் அது அரைச் சுற்று தானாக உருளும், அந்த அரைச் சுற்றில் ஊசி மேலே வந்துவிடும். என் இடது கைச் சுண்டுவிரலில் நகம் கிடையாது. அன்றைக்கு ஃபிளைவீலில் ஒரு கட்டை கொடுத்திருந்தால் இருந்திருக்கும்.

நிறைய மாடல்களில் ஒரு போல்ட்டை எடுத்தால் நாட்டர் சட்டம் மேல் நோக்கி மடங்கித் திறந்துகொள்ளும், ஷாஃப்டைக் கழற்றவே வேண்டாம். முதல் வேலை டீசலும் பிரஷும். நெல் வைக்கோல் தூசியும் பழைய கிரீசும் சேர்ந்து தார் மாதிரி படிந்திருக்கும், டிஸ்குக்குள்ளே வெட்டுப்பட்ட கயிற்றுத் துணுக்குகள் அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு முறை கும்பகோணம் பக்கம் ஒரு வண்டிக்குப் போனேன், மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட நாட்டர். நாக்குக்கு அடியில் அரை அங்குலத் துணுக்கு ஒன்று சிக்கி நாக்கை மூடவிடாமல் வைத்திருந்தது. குறடால் பிடுங்கினேன், வேலை முடிந்தது. காசு வாங்கத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அதனால் சுத்தம் செய்துவிட்டு ஒரு முறை கட்டிப் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

சுத்தமான பிறகு ஆட்டம் பாருங்கள். பில்ஹூக்கை விரலால் பிடித்து முன்னும் பின்னும் திருப்புங்கள், மேலும் கீழும் தூக்குங்கள், அதையே இடதுபக்கத்திலும் செய்யுங்கள். கொஞ்சம் அசைவு இருக்கத்தான் செய்யும். ஆனால் இடதைவிட இது கண்ணுக்குத் தெரிய அதிகமாக ஆடினால், ஊசி வரும் நேரத்தில் ஹூக் ஒரு தடவை ஒரு திசையிலும் மறுதடவை இன்னொரு திசையிலும் நிற்கும், பத்துக்கு மூன்று என்று விட்டுவிட்டு அவிழும் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. திருப்பும்போது ஆடினால் ஹூக்கின் சின்னப் பல்சக்கரத்துக்கும் அதைச் சுற்றிவிடும் பெரிய சக்கரத்துக்கும் இடைவெளி விழுந்திருக்கிறது. பெரிய சக்கரத்துக்குப் பின்னால் ஷிம் என்ற மெல்லிய வாஷர் கொடுத்து அதை நெருக்கிக் கொண்டுவரலாம். ஒவ்வொரு ஷிம்மாகப் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எங்காவது இறுகினால் ஒன்று அதிகம். மேலும் கீழும் ஆடினால் ஷாஃப்ட் ஓடும் துளையே தேய்ந்திருக்கிறது, புஷ் இருந்தால் மாற்றுங்கள். புஷ் இல்லாத வார்ப்புச் சட்டமாக இருந்து துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மட்டும் லேத்காரரிடம் போக வேண்டிவரும்.

ஹூக்கைக் கழற்ற ரோல் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். அதே அளவு இரும்புப் பஞ்ச் கம்பியைப் பயன்படுத்துங்கள், ஆணியை வைத்து அடித்துப் பின்னின் வாயை மலர்த்திவிட்டால் அந்த ஒரு பின் உங்கள் பாதி நாளைத் தின்றுவிடும். வெளியே எடுத்ததும் ஹூக்கின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். கயிறு ஓடி ஓடி அறுத்த பள்ளம் இருக்கிறதா? நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், அந்தத் தூசி ஒட்டிய கயிறு அரம் மாதிரிதான். பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் ஹூக்கை மாற்றிவிடுங்கள். பள்ளத்தில் வெல்டு வைத்து நிரப்பி கிரைண்டர் பிடித்துத் தருகிறேன் என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கடினப்படுத்திய இரும்பு அது, வெல்டு வைத்த இடம் மெத்தென்று ஆகி அடுத்த பருவத்துக்குள் பழையபடி அறுபடும். வெறும் துரு, சொரசொரப்பு மட்டும்தான் என்றால் 400, பிறகு 600 நம்பர் எமரித் தாளால் கண்ணாடி மாதிரி தேயுங்கள், கயிறு வழுக்கும் திசையிலேயே.

நாக்கின் வால்பக்கத்தில் ஒரு சின்ன ரோலர் இருக்கும். அது வட்டமாக இருக்க வேண்டும், சுழல வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து நின்றுபோன ரோலரோடு நாக்கு முழுதாகத் திறக்காது, இரண்டு இழைக்குப் பதில் ஒன்றைத்தான் கவ்வும். ஹூக், நாக்கு, ரோலர், பின் நான்கும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்தவை. புதிதாகப் போடுவதென்றால் நான்கையும் சேர்த்துப் போடுங்கள். புது ஹூக்கில் பழைய நாக்கைப் போட்டு மிச்சம் பிடித்தவர்கள் எல்லோரும் இரண்டாம் முறை கழற்றியிருக்கிறார்கள். முழு நாட்டரின் விலையோடு பார்த்தால் இந்த நான்கும் சேர்ந்து சின்னச் செலவுதான். உங்களை நாட்டரையே மாற்றச் சொன்னவர்களுக்கு இதுதான் என் பதில், சட்டம் உடைந்திருந்தால் ஒழிய முழு நாட்டர் வாங்காதீர்கள்.

கத்தி. சாணைக்கல்லில் நீல நிறம் ஏறும்வரை தீட்டாமல், எண்ணெய்க் கல்லில் கையால் தீட்டுங்கள். பூட்டிய பிறகு ஃபிளைவீலைக் கையால் சுற்றிக் கத்திக் கை ஹூக்கைக் கடந்துபோவதைப் பாருங்கள், ஹூக்கின் முதுகை லேசாக உரசியே போக வேண்டும், நுனியைத் தாண்டியும் போக வேண்டும், என் கணக்கு அரை அங்குலம். ஹூக்கின் முதுகில் கொஞ்சம் மார்க்கர் மை பூசிவிட்டு ஒரு முறை சுற்றினால் எங்கே உரசுகிறது, எங்கே தொடாமல் போகிறது என்று தெரிந்துவிடும். தொடவில்லை என்றால் கையைக் குளிர்ந்த நிலையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். காஸ் பற்றவைத்துச் சூடாக்கி வளைக்கவே வேண்டாம்.

கடைசியில் டிஸ்க். அது நிற்கும் நிலையில் ஊசி இழை வந்து விழ வேண்டிய பள்ளம் நேராகத் திறந்திருக்க வேண்டும். முன்னே பின்னே இருந்தால் அதை ஓட்டும் வார்ம் கியரின் நட்டைத் தளர்த்தி, தேவையான அளவு நகர்த்தி மறுபடி இறுக்கலாம். ஆனால் இடதுபக்கத்தோடு ஒப்பிட்டு வித்தியாசம் தெரிந்தால் மட்டும்! சந்தேகமாக இருக்கிறது என்பதற்காக இதைத் தொட்டுவிட்டு எனக்கு போன் செய்பவர்கள் அதிகம்.

எல்லாம் பூட்டியதும் கயிற்றைக் கோத்து, பிடிஓ கழன்றே இருக்க, கிளட்சைக் கையால் தட்டிவிட்டு ஃபிளைவீலை ஓடும் திசையில் ஒருவர் சுற்றட்டும், நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். சுற்றுபவர் நீங்கள் நிறுத்து என்றால் நிறுத்தும் ஆளாக இருக்க வேண்டும், மச்சானோடு பேசிக்கொண்டே சுற்றும் ஆள் வேண்டாம். நிலைக்கு நிலை நிறுத்தி, இழை ஹூக்கின் மேல் படிந்ததா, நாக்கு இரண்டையும் கவ்வியதா, வளையம் உரிந்ததா என்று பாருங்கள். ஏதாவது ஒன்றை மாற்றினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி கட்டிப் பாருங்கள். நட்டு என்றால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய ஹூக்கில்கூட முதல் பத்து இருபது கட்டில் ஒன்றிரண்டு தவறும், கயிறு ஓடித்தான் அது வழிக்கு வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ஸ்பேனரை எடுத்துவிடாதீர்கள்.

சணல் கயிற்றிலிருந்து பிளாஸ்டிக் கயிற்றுக்கு மாறினேன். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் அவிழ்கிறது. நாட்டர் போய்விட்டதா?
– சீர்காழி வாசகர்

நாட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நாளில் கெட்டால் தப்பு இரண்டுக்கும் பொதுவான ஒன்றில் இருக்கிறது, கயிறு, ஈர வைக்கோல், அல்லது கட்டின் அழுத்தம். பிளாஸ்டிக் வழவழப்பானது, அநேகமாக உங்கள் பழைய சணலைவிட மெலிதும் கூட. டிஸ்க் பிடியிலிருந்து அது உருவிக்கொள்ளும். பிடி ஸ்பிரிங்கைக் கால் சுற்று இறுக்கிக் கட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் இன்னொரு கால். நாக்கு ஸ்பிரிங்கைப் பிறகு பார்க்கலாம். திரும்பவும் சணலுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இப்போது இருக்கும் நிலையை ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதி நாள் அது, பாதி நாள் இது என்று கையில் கிடைத்த கயிற்றை எல்லாம் ஓட்டும் வண்டிக்கு எந்த மெக்கானிக்காலும் செட்டிங் வைக்க முடியாது.

இன்னொன்று. கயிற்று உருண்டையை உள்ளேயிருந்துதான் உருவ வேண்டும். ஒன்று தீரும் முன் அதன் வெளி நுனியை அடுத்த உருண்டையின் உள் நுனியோடு முடியுங்கள், முடிச்சின் வாலைக் குட்டையாக நறுக்குங்கள். வால் நீண்ட முடிச்சு ஊசிக் கண்ணில் மாட்டி ஒரு கட்டை அவிழ்க்கும், நீங்கள் நாட்டரைத் திட்டுவீர்கள்.

என்னிடம் இருப்பது சின்ன உருளைக்கட்டு பேலர். இதில் நாட்டர் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.
– திருத்துறைப்பூண்டி வாசகர்

கிடைக்காது, அதில் நாட்டரே கிடையாது. உருளைக் கட்டில் கயிறு பல சுற்று சுற்றப்பட்டு வெட்டிவிடப்படுகிறது, சுற்றுகளின் பிடியிலேயே நிற்கிறது. உங்கள் வண்டியில் கயிறு தொல்லை வந்தால் கத்தியையும், கயிறு இழுவையையும், கயிற்றை உள்ளே ஊட்டும் கையையும் பாருங்கள். நம் டெல்டாவில் உருளை மிஷின் இவ்வளவு பரவியதற்கு முடிச்சுத் தொல்லை இல்லாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் லாரியில் அடுக்கிக் கேரளாவுக்கு அனுப்புகிறவரைக் கேட்டால் சதுரம்தான் இடைவெளி இல்லாமல் அடங்கும் என்பார்.

ஊசி இரண்டாம் முறையாக உடைந்துவிட்டது. ஃபிளைவீல் போல்ட் அடிக்கடி அறுகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் கெட்டியான போல்ட் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?
– ஒரத்தநாடு வாசகர்

இருக்கும், கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். ஃபிளைவீலில் இருக்கும் அந்த போல்ட்டின் வேலையே அறுவதுதான். வைக்கோலைத் தள்ளி அமுக்கும் பிளஞ்சர் போகும் பாதையைத்தான் ஊசி குறுக்கே கடக்கிறது. பிளஞ்சரின் முகத்தில் ஊசிக்கென்று வெட்டிவிட்ட பிளவு இருக்கிறது, இரண்டும் ஒரு கணக்கில் ஓடும்வரை உரசல் இல்லை. கணக்குத் தவறி ஊசி வெளியே நிற்கும்போது பிளஞ்சர் வந்தால், ஒரு தடுப்புக் கொக்கி குறுக்கே விழுந்து பிளஞ்சரை நிறுத்தும், அந்த அதிர்ச்சியில் போல்ட் அறுந்து ஃபிளைவீல் மட்டும் சும்மா சுற்றும். அறாத போல்ட் போட்டால் அந்த வேகம் முழுவதும் கொக்கியிலும் ஊசியிலும்தான் இறங்கும்.

என் வண்டியிலும் ஒருவர் இதையே செய்தார், நான் ஊரில் இல்லாத நாளில். கியர்பாக்ஸ் மூடியில் இன்னும் அந்த விரிசலின் தழும்பு இருக்கிறது. கம்பெனி சொன்ன தரத்தில், அதே நீளத்தில் பத்து போல்ட் வாங்கி டூல்பாக்ஸில் வையுங்கள். பிறகு ஏன் அடிக்கடி அறுந்தது என்று பாருங்கள்: ஈர வைக்கோலை மொத்தமாகத் திணிக்கிறீர்களா, கொக்கியின் ஸ்பிரிங் போய்விட்டதா, முன்பு செயினையோ கியரையோ கழற்றிப் பூட்டியபோது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டார்களா? புது ஊசி போடும் முன் ஃபிளைவீலைக் கையால் சுற்றி ஊசியும் பிளஞ்சரும் எப்படிக் கடக்கின்றன என்று பார்க்காமல் டிராக்டரைத் தொடாதீர்கள்.

நாங்கள் பேலர் வைத்திருப்பவர்கள் இல்லை, நான்கு கறவை மாடு வைத்திருக்கிறோம். கட்டு வைக்கோலோடு வரும் பிளாஸ்டிக் கயிற்றை மாடு தின்றால் ஏதாவது செய்யுமா?
– பட்டுக்கோட்டை வாசகி

செய்யும் அம்மா. பிளாஸ்டிக் செரிக்காது, மாட்டின் முதல் வயிற்றில் உருண்டு திரண்டு தங்கிவிடும், சேரச் சேரத் தீவனம் எடுப்பது குறையும், வயிறு உப்பும். கட்டைப் பிரிக்கும்போதே கயிற்றை முடிச்சோடு சேர்த்து வெட்டி உருவி, தொழுவத்துச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிடுங்கள். எத்தனை கட்டு பிரித்தோம், எத்தனை கயிறு தொங்குகிறது என்று கணக்குப் பார்க்கலாம். சதுரக் கட்டென்றால் ஒன்றுக்கு இரண்டு. நாட்டர் வெட்டிப் போடும் குட்டித் துணுக்குகளும் சில நேரம் வைக்கோலோடு வரும், உதறிப் போடுங்கள். சணல் கயிறு என்றால் இந்தப் பயம் குறைவு, ஆனால் மாட்டுக்குக் கொடுக்கிற பொருள் அதுவும் இல்லை.

இந்த முடிச்சு மிஷினை யார் கண்டுபிடித்தது?
– குமுளூர், வேளாண் பொறியியல் மாணவர்

மேலே அந்த அம்மா கேட்ட கேள்வியில்தான் இதன் கதையும் இருக்கிறது. 1870களில் அமெரிக்காவில் கோதுமைக் கதிரை அறுத்து அரியாகக் கட்டும் மிஷின்கள் இரும்புக் கம்பியால் கட்டின. கம்பியை முறுக்கினால் போதும், முடிச்சுப் போட வேண்டாம், மிஷினுக்கு அது சுலபம். ஆனால் துண்டுக் கம்பி மாட்டின் வயிற்றுக்குப் போனது, மாவு ஆலைக்குப் போனது, விவசாயிகள் வெறுத்துவிட்டார்கள். கயிற்றால் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கயிற்றில் முடிச்சுப் போடும் கை இரும்புக்கு வேண்டுமே. விஸ்கான்சினில் இருந்த ஜான் ஆப்பிள்பி இளம் வயதிலிருந்தே அதில் கிடந்து, 1870களின் கடைசியில் அந்த அலகு மாதிரி ஹூக்கைச் சரியாக ஓடவைத்தார். வில்லியம் டீரிங் அதற்கு உரிமை வாங்கி மிஷின்களை விற்றார், கம்பி மிஷின்கள் சில வருடத்தில் காணாமல் போயின. இன்றும் நாட்டர்களை டீரிங் வகை, மெக்கார்மிக் வகை என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அந்தக் காலத்தில் அடித்துக்கொண்ட இரண்டு கம்பெனிகளின் பெயர்கள் அவை, 1902இல் இரண்டும் இன்னும் மூன்று சின்னக் கம்பெனிகளும் சேர்ந்துதான் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆனது. நான் மேலே கழற்றச் சொன்னது கத்திக் கையே முடிச்சை உரித்துத் தள்ளும் டீரிங் வகையை.

வயலில் கிடப்பதை அள்ளிக்கொண்டே தானாகக் கட்டும் பேலர் பிறகுதான் வந்தது. பென்சில்வேனியாவில் எட்வின் நோல்ட் என்ற விவசாயி செய்த மிஷினை 1940இல் நியூ ஹாலண்ட் கம்பெனி எடுத்துத் தயாரித்தது. முடிச்சுப் போடும் வித்தை மட்டும் ஆப்பிள்பியுடையதுதான்.

பருவம் முடிந்து மிஷினை நிறுத்தும்போது நாட்டருக்கு என்ன செய்ய வேண்டும்?
– திருவாரூர் வாசகர்

கயிற்றை முழுதாக உருவி எடுங்கள். டிஸ்கில் விட்ட நுனி மழைக்காலம் முழுக்க ஈரத்தை உறிஞ்சி அந்த இடத்தைத் துருப்பிடிக்க வைக்கும், பெட்டியில் விட்ட உருண்டையில் எலி குட்டி போடும். கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதுங்கள், தண்ணீர் பீய்ச்சி வாட்டர் சர்வீஸ் செய்யாதீர்கள். நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வந்து புதிது தெரியும்வரை அடியுங்கள். பில்ஹூக், டிஸ்க், கத்தி, ஊசி இந்த நான்குக்கும் கிரீசைத் தாராளமாகப் பூசி ஒரு பழைய உரச் சாக்கால் மூடிக் கட்டுங்கள்.

திரும்ப எடுக்கும்போது ஹூக்கிலும் டிஸ்கிலும் பூசியதைத் துடைத்துவிட்டே கயிறு கோக்க வேண்டும், மறந்தால் முதல் வயலில் எல்லாக் கட்டும் வழுக்கிக்கொண்டு வரும். ஆளைக் கூப்பிட்டு வயலில் நிற்கவைத்துவிட்டு நாட்டரை முதல் முறையாகத் திறந்து பார்ப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் எனக்கு போன் செய்கிறார்கள். பத்து நாள் முன்னால், வீட்டு வாசலில் பத்து வெறும் முடிச்சு போட்டுப் பாருங்கள்.